உலையும் கோயிலும் ஒரே தெருவில்

நீலகிரி வரலாற்றுத் தொடர் – 9

சென்ற இதழில் தோடர் ஊர்களான மந்துகளைச் சுற்றி வந்தோம். எருமை, நெய், புற்கூரை வேய்ந்த பால்மனை என்று போன அந்தக் கதையில் ஒரு கேள்வியை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். தோடர் இரும்பு அடிப்பதில்லை, பானை வனைவதில்லை. அப்படியானால் அவர் கையில் இருந்த கத்தியை யார் அடித்தது? மோர்ப் பானையை யார் சுட்டது? சாவு வீட்டில் கொம்பு ஊதியது யார்? படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இதே கேள்விதான். ராகிக் காட்டைக் கொத்திய மண்வெட்டி, கதிர் அறுத்த அரிவாள், உழுத கலப்பையின் கொழு, பெண்கள் அணிந்த வெள்ளி நகை, எல்லாம் எங்கிருந்து வந்தன?

ஏழு ஊர்களிலிருந்து வந்தன. மேட்டுப்பாளையத்துக் கடைவீதிக்கு இறங்கிப் போவது நாள் கணக்கில் நடக்கும் வேலையாக இருந்த காலத்தில், மலைமேல் வாழ்ந்தவர்களின் தொழிற்பேட்டை அந்த ஏழு ஊர்கள்தான். அவற்றைக் கோக்கால் என்பார்கள். அங்கே வாழ்ந்தவர்கள், இன்றும் வாழ்கிறவர்கள், கோத்தர்.

ஊர்ப் பட்டியலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் வழங்கும் பெயர் ஒன்று, அவர்கள் மொழியில் இருக்கும் பெயர் வேறு. கோத்தகிரி அவர்களுக்குப் பொர்காட். கீழ்க்கோத்தகிரி கீனாட். குந்தா கோத்தகிரி மேனாட். திருச்சிகடி திச்காட். சோலூர் கோக்கால் குர்கோஜ். கூடலூர்ப் பக்கம் இருப்பது கலாச். ஊட்டியிலிருந்து அதிக தூரமில்லாத கொல்லிமலை கொல்மேல். (இந்தக் கொல்லிமலைக்கும் வல்வில் ஓரி ஆண்ட நாமக்கல் கொல்லிமலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாசகர் கடிதங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதால் சொல்கிறேன்.) ஆறு ஊர்கள் மேட்டு நிலத்தில், ஒன்று மட்டும் கீழே கூடலூர் சரிவில். மொத்த மக்கள்தொகை அன்றும் இன்றும் சிறியதுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. இன்றும் இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

இந்த ஊர்கள் அமைந்த விதத்துக்குக் கோத்தர் ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு கறுப்புப் பசு முன்னே நடந்தது. மக்கள் அதன் பின்னே போனார்கள். அது நின்று குளம்பு பதித்த இடங்களில் ஊர் கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் இங்கே தங்கிக் கோத்தர் இசையை ஆராய்ந்த அமெரிக்கர் ரிச்சர்ட் வுல்ஃப், 2005-இல் வெளிவந்த தம் நூலுக்கு அந்தப் பசுவின் குளம்படியையே தலைப்பாக வைத்தார்.

கோக்காலின் தெரு அமைப்பு எளிமையானது. மேல்கேரி, நடுக்கேரி, கீழ்க்கேரி என்று மூன்று வரிசை. கேரி என்றால் தெரு. கோத்தகிரி என்ற ஊர்ப் பெயருக்கே கோத்தர் கேரி என்றுதான் மூலம் சொல்வார்கள். ஒரே கேரியில் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் மணப்பதில்லை. பெண் பார்க்க நடுக்கேரியிலிருந்து மேல்கேரிக்குப் போகலாம், அல்லது அடுத்த கோக்காலுக்குப் போகலாம். ஆகவே தெரு என்பது இங்கே முகவரி மட்டுமில்லை, குலமும் அதுவே.

வீடுகள் எப்படி இருந்தன? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் வெளியான தம் ஏழு தொகுதி நூலில் விவரித்திருக்கிறார். மண்ணாலோ செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய சுவர். புல் அல்லது ஓட்டுக் கூரை. தரைமட்டத்திலிருந்து உயர்த்திய தளம். முன்னால் திண்ணை. அதில் உட்கார்ந்து கோத்தர் சுருட்டுப் புகைப்பதையும் மதியம் கண் அயர்வதையும்கூட அவர் விடவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நம்மவர் ஓய்வெடுப்பது எப்போதும் குறிப்பெடுக்க வேண்டிய செய்தி. அதே திண்ணைக்கு எதிரே உலை எரிந்துகொண்டிருந்ததும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்பதால் மன்னித்துவிடலாம்.

தர்ஸ்டன் தரும் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. கோத்தகிரியில் சில வீடுகளிலும் ஒரு கொல்லுப்பட்டறையிலும் கல் தூண்கள் நின்றன. அவற்றில் மீனும் தாமரையும் பூவேலையும் செதுக்கியிருந்தார்கள். செதுக்கியவர்கள் கோத்தர் அல்லர். சமவெளியிலிருந்து வரவழைத்த கல்தச்சர்கள். கதவு நிலைகளின் மரச் செதுக்கலும் அப்படியே கீழ்நாட்டு ஆசாரிகளின் கைவேலை. மலையில் தச்சு வேலைக்குப் பேர்போனவர்கள் தங்கள் வீட்டு நிலைப்படிக்குச் சமவெளித் தச்சனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! இதில் முரண் ஏதுமில்லை. கோத்தர் பயன்படு பொருள் செய்தவர்கள். அரிவாள் அறுக்க வேண்டும், மண்வெட்டி வெட்ட வேண்டும், பானை ஒழுகக் கூடாது. அலங்காரம் தேவைப்பட்டபோது அதற்கென்று ஆள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. மலைவாசிகள் என்றாலே வெளியுலகம் அறியாமல் காட்டுக்குள் கிடந்தவர்கள் என்று நினைப்பவர்கள் அந்தப் பட்டறைத் தூணில் இருந்த மீனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஒரு கொல்லன் தன் பட்டறைக்குச் சிற்பத் தூண் வைக்கிறான் என்றால் அந்த இடத்தை அவன் என்னவாக மதித்தான் என்பதும் தெரிகிறது.

அதற்குச் சான்று மொழியிலேயே இருக்கிறது. மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் கொல்லன் என்ற நம் சொல்லுக்கு இணையாகக் கோத்த மொழியிலிருந்து ‘கொலேல்’ என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். அதற்குத் தந்திருக்கும் பொருள் இரண்டு. ஒன்று கொல்லுப்பட்டறை. மற்றது கோத்தர் ஊரில் உள்ள கோயில்.

அந்தக் கோயிலில் இருப்பவர்கள் ஐயனோரும் அம்மனோரும். தந்தையும் தாயும். பழைய வழக்கில் சிலை கிடையாது. மார்கழி, தை வாக்கில் அமாவாசையை ஒட்டித் தொடங்கும் பெரிய திருவிழாவில் ஆண்கள் வெண்போர்வை சுற்றி, பெண்கள் கொண்டையிட்டு, வட்டமாக ஆடுவார்கள். சோலூர் கோக்கால்தான் ஏழில் மூத்தது என்று ப்ரீக்ஸ் எழுதினார். நீலகிரியின் முதல் கமிஷனர் அவர். 1872-இல் இறந்துபோக, அவர் எழுதிவைத்த நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஊட்டியில் ப்ரீக்ஸ் பள்ளி என்று சொல்கிறோமே, அவர் நினைவாக ஏற்பட்டதுதான். சோலூர் கோக்காலில் தோடர் பால்மனையின் வடிவத்திலேயே ஒரு கோயில் இருந்தது என்ற குறிப்பும் உண்டு. தோடரும் கோத்தரும் எத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இனி வேலைக்கு வருவோம். சமவெளியில் கம்மாளர் என்றால் ஐந்து தொழில், ஐந்து பிரிவு. இரும்படிப்பவர் பொன் தொடமாட்டார், மரம் இழைப்பவர் கன்னார் வேலைக்குப் போகமாட்டார். குயவர் தனிச் சாதி, தோல் பதனிடுபவர் தனிச் சாதி, மேளக்காரர் தனிச் சாதி. கோக்காலில் இவ்வளவும் ஒரே வீட்டில் நடந்தன. காலையில் கொழு அடித்தவர் மாலையில் வெள்ளி வளையல் உருக்குவார். மறுநாள் கலப்பைக்கு மரம் இழைப்பார். தோலைப் பதப்படுத்தி வார் அறுப்பார். கயிறு திரிப்பார். சாவுச் செய்தி வந்தால் கொம்பையும் தபட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். இவற்றுக்கு நடுவில் தம் காட்டையும் உழுவார்.

இந்த இடத்தில் கடல்கடந்து ஓர் எட்டு போய்வரலாம். கைத்தொழில் தெருக்கள் என்றவுடன் உலகம் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தைச் சொல்லும். ஆர்னோ நதிக்கு அக்கரையில் இருக்கும் ஓல்த்ரார்னோ பகுதியில் இன்றும் மரச் செதுக்கு, தோல், பொன் முலாம் பட்டறைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். இடைக்காலத்தில் அந்த நகரில் 21 தொழிற்சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி மரியாதை, தனிக் காவல் புனிதர். நகரின் பழைய பாலத்தில் கசாப்புக் கடைகளும் பிற கடைகளும் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593-இல் ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ ஒரே ஆணையில் அவற்றை அகற்றிவிட்டுத் பொற்கொல்லருக்கு இடம் கொடுத்தார். இன்றும் அந்தப் பாலத்தில் நகைக்கடைதான். கசாப்பு கீழ்த் தொழில், பொன் மேல் தொழில் என்று நகரம் பிரித்துக்கொண்டது. நம் மலையில் தோல் பதனிட்டவரும் வெள்ளி உருக்கியவரும் ஒரே ஆள். அந்தப் பிரிவினைக்கு இங்கே வாய்ப்பே இல்லை. வேறொரு பிரிவினைக்கு இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்கள் செய்யாத வேலை ஒன்று உண்டு. பானை வனைவது பெண்களுடையது. சமவெளியில் திரிகையில் உட்காருபவர் பெரும்பாலும் ஆண். இங்கே நேர்மாறு. அந்தத் திரிகையைப் பற்றியும் தர்ஸ்டன் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். மண்ணைத் தட்டிக் காயவைத்துச் செய்த வட்டத் தட்டு. அதன் அடியில் நடுவே ஓர் இரும்பு முள். வீட்டு வாசலில், கதிர் அடிக்கும் களமாகவும் பயன்படும் வெளியில், தரையோடு பதித்த ஒரு கல். கல்லில் ஒரு குழி. முள்ளைக் குழியில் பொருத்தித் தட்டைச் சுழற்றினால் சக்கரம் தயார். வேலை முடிந்ததும் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடலாம், அந்த இடம் மறுபடி களம். அறுவடைக் காலத்தில் தானியம் உதிரும் அதே முற்றத்தில் மற்ற நாளில் பானை எழும்பியது. தட்டுக்குக் கீழிருந்த இரும்பு முள் வீட்டுக்காரரின் உலையில் அடித்தது, மேலே வனைந்தது வீட்டுக்காரியின் கை. அங்கே உருவான பானைகள் கோத்தர் அடுப்புக்கும் படுகர் வீடுகளுக்கும் தோடர் பால்மனைகளுக்கும் போயின.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் காசு புழங்கவில்லை. தோடர் நெய் தந்தார், எருமை தந்தார். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் தந்தார். படுகர் தானியம் தந்தார். ஆனால் சந்தையில் நடக்கும் பண்டமாற்று என்று இதை நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் இன்ன கோத்தர் குடும்பம் என்று வரையறுத்திருந்தது. அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். அரிவாள் மழுங்கினால் அவரிடம்தான் போக வேண்டும். கலியாணமோ சாவோ என்றால் இசைக்கு அவர் வர வேண்டும். அறுவடை முடிந்ததும் அவர் பங்கு ராகியும் சாமையும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். பேரம் கிடையாது, பில் கிடையாது. ஒரு படுகருக்கும் அவருடைய கோத்தருக்கும் மனக்கசப்பு வந்தால் அந்த வேலையை வேறு கோத்தர் எளிதில் எடுக்கமாட்டார். இன்றைய மொழியில் சொன்னால் முழு ஊரும் ஒரு தொழிற்சங்கம். இரும்பு வேலை தெரிந்த வேறு ஆள் மலைமேல் இல்லாதவரை அந்தச் சங்கத்துக்குப் பலமும் இருந்தது.

பலம் இருந்ததே தவிர மரியாதை இருந்ததா? முன்பு தள்ளிவைத்த பிரிவினை இதுதான். கோத்தர் செய்த பானையில் தோடர் சமைத்தார். கோத்தர் அடித்த கத்தியைப் பிடித்தார். ஆனால் தோடரின் மிகப் புனிதமான பால்மனையில் உள்ளறைக்கும் வெளியறைக்கும் பானை வேறு வேறு இடத்திலிருந்து வந்தது. வெளியறைக்குக் கோத்தர் பானை. உள்ளறைக்கு இந்துக்களிடமிருந்து வாங்கிய பானை. 1906-இல் வெளியான மானிடவியலாளர் ரிவர்ஸின் தோடர் நூலில் இந்த விவரம் இருக்கிறது. கோத்தரின் கைப்பொருள் அறைவாசல் வரை போகலாம், அதற்கு மேல் கூடாது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் மாமிசம். தோடர் ஈமச் சடங்கில் பலியாகும் எருமையின் உடலும், நோயில் விழுந்து செத்த மாட்டின் உடலும் கோத்தருக்குப் போயின. அவர்கள் அதைத் தின்றார்கள், தோலை எடுத்துப் பதனிட்டார்கள். செத்ததை அப்புறப்படுத்த ஆள் வேண்டும். அப்புறப்படுத்தியதற்காக அந்த ஆளைத் தள்ளிவைக்கவும் வேண்டும். இந்த நியாயம் நம் நாட்டில் எந்த ஊரில் இல்லை? 19-ஆம் நூற்றாண்டில் மலையேறிய ஐரோப்பியர் பலர் தோடரைப் பார்த்து வியந்து பக்கம் பக்கமாக எழுதினார்கள். நெடிய உருவம், தாடி, போர்வை; பைபிள் மாந்தர்களோ, பழைய ரோமரோ என்று மயங்கினார்கள். கோத்தரைப் பற்றி எழுதும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மலையிலேயே அதிகம் உழைத்தவர்கள் அவர்கள் என்பதை எழுதியவர்களும் அடுத்த வரியில் அழுக்கு என்று சேர்த்துக்கொண்டார்கள். இந்த மலையை முதலில் பதிவுசெய்த ஐரோப்பியரும் ஓர் இத்தாலியரே. ஜாகோமோ ஃபெனிச்சியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1603-இல் மலபார்ப் பக்கமிருந்து ஏறி வந்தார். அவர் கவனமும் தோடர் மீதும் படுகர் மீதும்தான் விழுந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் இருக்கிறது. அந்தக் கதையை நான்காம் பகுதியிலேயே விரிவாகப் பார்த்துவிட்டோம். கோக்காலுக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதே இங்கே கேள்வி. முதல் சில பத்தாண்டுகளில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பாதை வந்தது, பாதையோடு கடை வந்தது. 1899-இல் ரயில் குன்னூர் வரை வந்தது, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. ரயிலில் ஏறி வந்தவர்களில் துரைமார்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. சரக்குப் பெட்டியில் வந்த தொழிற்சாலை மண்வெட்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பித்தளைக் குடமும் பிறகு அலுமினியச் சட்டியும் வந்தன. காசு கொடுத்தால் உடனே கிடைக்கும். யாருக்கும் அறுவடைப் பங்கு அளக்க வேண்டியதில்லை.

படுகர் கையில் காசு இருந்தது. உருளைக்கிழங்கு பணப்பயிராகியிருந்தது, தோட்டங்களிலும் சாலைகளிலும் ஒப்பந்த வேலை கிடைத்தது, பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் படித்தார்கள். காசு புழங்கத் தொடங்கிய இடத்தில் ஆண்டுக்கொருமுறை தானியம் அளக்கும் பழைய கணக்கு இருவருக்குமே சுமையாகத் தெரிந்தது. படுகருக்குக் கோத்தர் கேட்பது அதிகம் என்று தோன்றியது. கோத்தருக்குப் படுகர் கொடுப்பது குறைவு என்று தோன்றியது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

கடைசி முடிச்சு இசையில் அவிழ்ந்தது. படுகரில் படித்தவர்கள், சீர்திருத்தம் பேசியவர்கள், சாவு வீட்டில் கோத்தர் மேளமும் ஆட்டமும் பழைய காட்டுத்தனம் என்று கருதினார்கள். 1930-ஐ ஒட்டி அவர்களுடைய கூட்டமொன்றில் கோத்தர் இசையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். எல்லோரும் கேட்டுவிடவில்லை. தாத்தாவை மேளமில்லாமல் அனுப்ப மனமில்லாத வீடுகள் இருந்தன. மேளம் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் சண்டை மூண்டது. ஆனால் போக்கு தீர்மானமாகிவிட்டது. அரிவாள் ஏற்கெனவே கடையில் கிடைத்தது. இப்போது சாவுக்கும் கோத்தர் தேவையில்லை என்றானது.

இந்த இடத்தில் பெரும்பாலான எழுத்தாளர்கள் ஒரு பெருமூச்சு விட்டு, அழிந்த கைத்தொழில், அணைந்த உலை என்று முடித்துவிடுவார்கள். அது பாதிக் கதை. மறுபாதி கொல்மேலில் இருக்கிறது.

அந்த ஊரில் சுள்ளி என்றொருவர். மிஷன் பள்ளியில் படித்தவர். கோத்தரில் ஆங்கிலம் கற்ற முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். பின்னர் ஆசிரியரானார். 1930-களில் கனடாவில் பிறந்த மொழியியலாளர் மரே எமனோ நீலகிரியில் தங்கிக் கோத்த மொழியைப் பதிவுசெய்தபோது அவருக்குக் கதை சொன்னவர் சுள்ளிதான். 1944-க்கும் 1946-க்கும் இடையில் நான்கு பகுதிகளாக வெளிவந்த கோத்தர் கதைத் தொகுப்பு அவர் வாய்மொழியில் எழுந்தது. எழுத்தில்லாத ஒரு மொழி அச்சேறியது. 1937-இல் வந்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் அவரே வழிகாட்டி. மாண்டல்பாம் பின்னாளில் சுள்ளியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கதை சொல்வதில் சுள்ளிக்கு இணை கிடையாது என்றும், ஆனால் பெரும்பாலான கதைகளில் கதாநாயகனும் அவரே ஆகிவிடுவார் என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். நல்ல கதைசொல்லிகள் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

சுள்ளி செய்த கலகம் சின்ன விஷயத்தில் தொடங்கியது. முடியை வெட்டிக்கொண்டார். கோத்தர் ஆண் என்றால் நீண்ட முடியும் கொண்டையும். அதை வெட்டுவது ஊரை அவமதிப்பது. அதோடு நிற்கவில்லை. செத்த மாட்டு மாமிசத்தை விட்டார். மற்றவர் சாவுக்குப் போய் மேளம் அடிக்க மறுத்தார். ஊர் எதிர்த்தது. அவர் கோக்காலை விட்டுச் சற்றுத் தள்ளித் தனியாக வீடு கட்டிக்கொண்டார். நம்மை ஏன் கீழே வைத்திருக்கிறார்கள், இந்த மாமிசத்தாலும் இந்த மேளத்தாலும்தானே, அப்படியானால் அது நமக்கு வேண்டாம் என்பது அவர் வாதம். ஏறக்குறைய அதே காலத்தில், 1927-இல், மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டு மாமிசத்தைக் கைவிடச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் அறியாத இரு இடங்களில் ஒரே கணக்கு ஓடியிருக்கிறது.

ஆக, 1930-ஐ ஒட்டி ஒரு பக்கம் படுகர் கோத்தர் மேளம் வேண்டாம் என்றார்கள். மறுபக்கம் கோத்தரிலேயே ஒருவர் இனி மேளம் அடிக்கமாட்டோம் என்றார். இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்ந்தன. சுள்ளியை வைதவர்கள் பத்து, இருபது ஆண்டுகளில் ஒவ்வொருவராக முடி வெட்டிக்கொண்டார்கள். செத்த மாட்டு மாமிசம் போயிற்று. இதற்கு முன்பே, 1920-களின் நடுப்பகுதியில் பரவிய மீள்காய்ச்சல் கொல்மேலில் பல உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அந்தக் கலக்கத்தில் புதுத் தெய்வங்களும் ஊருக்குள் வந்திருந்தன. காரமடை ரங்கநாதர் வழியாக வந்த ரங்கராமனும் அவற்றில் ஒன்று. ஐயனோரும் அம்மனோரும் இருக்க, பக்கத்தில் புதுச் சாமிக்கும் இடம் கிடைத்தது.

உலை அணைந்ததைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோத்தர் தொழிலை விட்டதற்குக் கடைச் சரக்கு ஒரு காரணம். அவர்கள் கொடுத்துவந்த விலை இன்னொரு காரணம். அந்த விலை ராகிப் படியில் அளந்ததைவிடப் பெரியது. உள்ளறைக்கு எட்டாத பானை, திண்ணைக்கு வெளியே நிற்கவைத்த மரியாதை. அதிலிருந்து வெளியேற வழி கிடைத்தபோது வெளியேறினார்கள். உருளைக்கிழங்கும் தேயிலையும் போட்டார்கள். படித்தார்கள், அரசு வேலைக்கும் வங்கிக்கும் போனார்கள். ஃப்ளோரன்ஸின் ஓல்த்ரார்னோவில் ஒரு பட்டறை மூடினால் நகரமே கவலைப்படுகிறது. காரணம், அங்கே தச்சன் மகன் தச்சனாகவே இருந்தாலும் எந்த வீட்டின் உள்ளறைக்கும் போகலாம். இங்கே அந்த வசதியைச் செய்து கொடுக்காமல் கைத்தொழிலை மட்டும் காப்பாற்றுங்கள் என்று கோத்தர் பிள்ளைகளிடம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. தங்களுக்காக என்று வரும்போது கோத்தர் கைவிட்டது குறைவு. மற்றவர் சாவுக்கு ஊதாத கொம்பு தங்கள் கோயில் விழாவில் இன்றும் ஒலிக்கிறது. தங்கள் ஈமச் சடங்குக்கான இசை தனி, தெய்வத்துக்கான இசை தனி, ஆட்டத்துக்கான இசை தனி என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். வுல்ஃப் நூலும் இந்த வகைப்பாட்டைப் பேசுகிறது. பானை வனையத் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கோத்த மொழி வீட்டுக்குள் பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் தொன்மைப் பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுக்களில் தோடர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கரோடு கோத்தரும் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனால் மலைவாழ் மக்களின் பழைய புழங்கு பொருள்களைப் பார்க்கலாம். தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் போதும்.

கோக்காலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோத்தகிரிக் கோக்கால் கடைவீதிக்குப் பக்கம்தான், யாரும் நடந்து போய்விடலாம். அதனாலேயே சொல்கிறேன். அது காட்சிக்கூடம் இல்லை, குடும்பங்கள் வாழும் ஊர். கோயில் வெளிக்குள் செருப்போடு நுழையாதீர்கள், கேட்காமல் போன் கேமராவை உயர்த்தாதீர்கள். பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்தால் வணக்கம் சொல்லி, ஐயா, பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

நீலகிரி வாசகர்களிடம், குறிப்பாகப் படுகர் குடும்பங்களிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ தாத்தா காலத்து அரிவாளோ கொத்தோ கிடக்கலாம். அதை எந்தக் கோக்காலில், எந்தக் குடும்பத்தார் அடித்தார்கள் என்பது வீட்டில் மூத்த பாட்டிக்கு ஒருவேளை நினைவிருக்கும். கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை இதழ் முகவரிக்கு அனுப்பினால், பெயர் வெளியிடச் சம்மதித்தவர்களின் குறிப்புகளை இத்தொடரில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த பகுதியில் உருளைக்கிழங்கு மலையேறிய கதை.

(தொடரும்)